பொக்லைனின் கைக்கு எந்தக் கருவி?

பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கத்துக்குச் செல்லும் இருநூறடிச் சாலையில் கிழக்கு நோக்கிப் பிரயாணம் செய்து, அங்கிருந்து கடற்கரையையும் சென்று சேருகிறவர், பதினைந்து கிலோமீட்டர் தூரத்துக்குள் மூன்று வெவ்வேறு பூமிகளைக் கடந்துவிடுகிறார். புறப்படும் இடத்தில், திரிசூலத்தையும் பல்லாவரத்தையும் சூழ்ந்து குன்றுகளாக எழுந்து நிற்பது, நீலங்கலந்த கரும்பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் சமாதிக் கல்லாக இருப்பதும் இந்த ஜாதிப் பாறையே என்பதை உணர்ந்து, தாமஸ் ஹாலண்டு என்ற பூகர்ப்ப சாஸ்திரி அவருடைய பெயராலேயே இதற்குச் சார்னோகைட் என்று நாமகரணம் செய்தார். இடைவழியில் விரிந்து கிடப்பது பள்ளிக்கரணைச் சதுப்பின் கருங்களி. பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டி நீலாங்கரையை அடைந்துவிட்டால், தோண்டத் தோண்டச் சரிந்து விழும் கடல் மணல். இம்மூன்று ஸ்தலங்களிலும் அஸ்திவாரம் எடுக்கவும், குழாய் பதிக்கவும், மழைநீர்க் கால்வாய் கட்டவும் ஒப்பந்தக்காரர்கள் வந்தவண்ணம் இருக்கிறார்கள். ஆனால் மூன்று ஸ்தலங்களுக்கும் டிரெய்லரில் ஏறி வருவது பெரும்பாலும் ஒரே யந்திரம், அதன் கையில் மாட்டியிருப்பதும் பெரும்பாலும் ஒரே பக்கெட்.

யந்திரம் வாங்குகிற காலத்தில் நம்மவர்கள் செலுத்தும் சிரத்தை சாமானியமானதல்ல. எத்தனை டன், எத்தனை குதிரைசக்தி, மணிக்கு எத்தனை லிட்டர் டீசல், மாதத் தவணை என்ன, பழையதாக விற்றால் என்ன விலைக்குப் போகும் என்றெல்லாம் நாலு பேரைக் கேட்டு, நாற்பது முறை கணக்குப் போட்டு, நல்ல நாளும் பார்த்துத்தான் வண்டியை இறக்குகிறார்கள். இவ்வளவும் நியாயமே. ஆயினும், இருபது டன் யந்திரம் உற்பத்தி செய்கிற சக்தி அத்தனையும் கடைசியில் நாலைந்து இரும்புப் பற்களின் வழியாகவோ, ஓர் உளியின் முனை வழியாகவோதான் பூமியைச் சென்று தொடுகிறது என்பதையும், அந்த முனை பூமிக்குப் பொருந்தாதபோது பின்னால் இருக்கிற டன்களும் குதிரைசக்தியும் விருதாவாகப் புகையாய்ப் போகின்றன என்பதையும், யந்திரத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு யாரும் பேசுவதில்லை. அட்டாச்மென்ட் என்று தொழிலில் வழங்குகிற இந்த முனைக்கருவி, வண்டியோடு சேர்ந்து வருவது எதுவோ அதுவாக இருந்துவிடுகிறது.

யந்திரங்கள் வருவதற்கு முன்னால் கிணறு வெட்டியவர்களிடம் இந்தக் குறைபாடு இருந்ததில்லை. மேல்மண்ணுக்கு மண்வெட்டி, இறுகிய சரளைக்குக் கூந்தாலி, அதற்குக் கீழே கடப்பாரை, பாறை தட்டுப்பட்டதும் உளியும் சம்மட்டியும் என்று, ஒரே கிணற்றுக்குள் பத்தடிக்கு ஒரு கருவி மாற்றினார்கள். தங்கள் உடம்பின் சக்தியைக் கொண்டே தோண்டியவர்களாதலால், தகாத கருவியால் நேரும் வீண் பிரயாசை அவர்கள் தோளிலேயே தெரிந்தது. இப்போது அந்த வலியை டீசல் தாங்கிக்கொள்கிறது. ஆகையால் முதலாளிக்கு அது மாதக் கடைசியில்தான் தெரிகிறது, சில வேளைகளில் தெரிவதே இல்லை. முதலில் பூமியை அறிந்து, பூமிக்கேற்ற முனையை நிர்ணயித்து, அந்த முனையைத் தாங்கி இயக்கவல்ல யந்திரத்தை அதன் பிறகே தேடுவதுதான் சரியான கிரமம் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். நடைமுறையில் இந்தக் கிரமம் தலைகீழாகக் கிடப்பதனால் விளையும் நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை; உயிர்களையும் தொடுகிறது.

பக்கெட்டிலிருந்து தொடங்குவோம். மிகச் சாதாரணமான கருவி என்று எண்ணி எல்லோரும் அலட்சியம் செய்வதும், மிக அதிகமான பணம் ஓசையின்றிக் கரைந்துபோவதும் இதனிடத்தில்தான்.

ஓர் ஊராட்சியில் 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள குடிநீர்க் குழாயை ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு ஒன்றரை மீட்டர் ஆழத்தில் பதிக்க வேண்டியிருக்கிறது, பள்ளத்தின் அகலம் 600 மில்லிமீட்டர் என்று மதிப்பீட்டில் கண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தக்காரரிடம் இருப்பது 900 மில்லிமீட்டர் அகலமுள்ள பக்கெட். வண்டி சும்மா நிற்கக்கூடாதே என்று அதைக் கொண்டே தோண்டிவிடுகிறார். ஓரடி அகலந்தான் கூடுதல் என்று பார்வைக்குத் தோன்றுமே ஒழிய, கணக்குப் போட்டால் 450 கன மீட்டர் மண் அநாவசியமாக வெளியே வந்திருக்கிறது. தோண்டிய மண் உப்பிப் பெருகுவதையும் சேர்த்தால், நம் ஊர் டிப்பர் கணக்கில் ஏறக்குறைய 200 யூனிட். எம்.புக் என்னும் அளவுப் புத்தகத்தில் பொறியாளர் எழுதப்போவது 600 மில்லிமீட்டர் அகலத்தை மட்டுமே. மிகுதி 300 மில்லிமீட்டரைத் தோண்டியதற்கும், திரும்ப மூடியதற்கும், அதன்மேல் உடைந்துபோன சாலையைச் செப்பனிட்டதற்கும் ஒரு காசும் பெயராது. அதே வண்டியில் ஒடுக்கமான பக்கெட் ஒன்றை மாட்டியிருந்தால், அதன் விலை இந்த ஒரே வேலையில் பெருமளவு திரும்பியிருக்கும். பள்ளம் ஒடுக்கமாகிவிட்டதால் அதற்குள் மனிதர்களை இறக்குவது சுலபமாகிவிட்டது என்றும் யாரும் எண்ணிவிடக்கூடாது. களியும் மணலுமான இடங்களில் ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் போகும்போது, பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்காமல் ஓர் ஆளையும் உள்ளே இறக்கலாகாது. மண் சரிந்து தொழிலாளர்கள் மாண்ட செய்தி பத்திரிகைகளில் வராத மழைக்காலமே இல்லை என்னும் நிலையில், இதை எத்தனை முறை எழுதினாலும் தகும்.

அகலத்துக்கு அடுத்தபடி கொள்ளளவு. பெரிய பக்கெட் மாட்டினால் சீக்கிரம் வேலை முடியும் என்ற நம்பிக்கை பலருக்கு வேதவாக்காக இருக்கிறது. ஒரு கன மீட்டர் பக்கெட்டில் உலர்ந்த தளர்மண் ஏறினால் சுமார் 1.4 டன், அதிலேயே நனைந்த மணல் ஏறினால் இரண்டு டன்னை நெருங்கிவிடும், பக்கெட்டின் சொந்த எடை வேறு. பங்குனியில் செம்மண் அள்ளிய அதே பக்கெட்டை ஐப்பசியில் ஈரமணலில் இறக்குகிற ஆபரேட்டர், கையை நீட்டித் திரும்பும்போது வண்டியின் பின்பாகம் லேசாகத் தூக்குவதை உணர்ந்து, தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார். ஆக, பெரிய பக்கெட்டால் கிடைத்திருக்க வேண்டிய லாபம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மூன்று விநாடிகளாகக் கரைந்துபோக, பூம் என்னும் யந்திரக் கையின் பின்களும் புஷ்களும் மாத்திரம் தேய்கின்றன. அள்ளப்போகும் பொருள்களுள் மிகக் கனமானது எதுவோ அதை உத்தேசித்தே கொள்ளளவை நிர்ணயிக்க வேண்டும். டிப்பரின் அளவையும் உடன் பார்க்க வேண்டும். நாலிலிருந்து ஆறு வாரலுக்குள் ஒரு டிப்பர் நிரம்புவது நல்ல பொருத்தம்.

பற்களைப் பற்றி ஒரு தனி அத்தியாயமே எழுதலாம். கூரிய பல் இறுகிய மண்ணில் இறங்கும், ஆனால் சீக்கிரம் தேயும். தடித்த பல் பாறைத் துண்டுகளுக்கிடையே நீடித்து உழைக்கும், ஆனால் ஈரக்களியில் நுழையத் திணறும். தேய்ந்த பல்லை மாற்றாமல் ஓட்டுவது நம்மிடையே சிக்கனமாகக் கருதப்படுகிறது. பல் தேய்ந்த பின் அதைத் தாங்கும் அடாப்டர் தேய்கிறது. அடாப்டர் தேய்ந்த பின் பக்கெட்டின் உதடே தேய்கிறது. முதலாவதை மாற்ற அரைமணி நேரமும் ஒரு சுத்தியலும் போதும், மூன்றாவதைச் செப்பனிட வெல்டிங் பட்டறையில் நாட்கணக்கில் வண்டி நிற்க வேண்டும். சந்தையில் பாதி விலைக்குக் கிடைக்கும் வார்ப்புப் பற்களுள் சில கல்லில் பட்டதும் ஓடுபோல் உடைந்துவிடுகின்றன. உடைந்த துண்டு மண்ணோடு கலந்து ஜல்லி உடைக்கும் கிரஷருக்குள் போய்விட்டால், அங்கே நேரும் சேதம் நூறு பற்களின் விலைக்கும் மேற்படும்.

பல்லே இருக்கக்கூடாத இடமும் உண்டு. 2017-ஆம் ஆண்டு முதல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே தமிழக அரசு ஏரிகளையும் கண்மாய்களையும் தூர்வாரும் திட்டத்தை நடத்தியதும், வண்டல் மண்ணை விவசாயிகள் எடுத்துச் செல்ல அனுமதித்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். தூர்வாரும் வேலைக்கு உரியது அகலமான, பல்லில்லாத, நேர்விளிம்புள்ள பக்கெட்; அது படிந்த வண்டலை வழித்தெடுத்து, அடியில் இருக்கும் களிப்படுகையைத் தீண்டாமல் விட்டுவிடும். பல் வைத்த பக்கெட்டை அவசரத்தில் இறக்கினால், தலைமுறை தலைமுறையாக நீர் கசியாமல் காத்துவந்த அந்தக் களிப்படுகை கீறப்பட்டு, சில ஏரிகளில் தோண்டிய ஆழத்துக்கு நீர் நிற்பதற்குப் பதிலாக, நின்ற நீரும் கீழே இறங்கிப்போகக்கூடும். எத்தனை கன மீட்டர் எடுத்தோம் என்பதை மட்டும் பார்த்துப் பில் போடுகிற ஏற்பாட்டில் இந்தச் சூட்சுமத்துக்கு இடமில்லை. ஏரியை நம்பியிருக்கும் ஆயக்கட்டுக்காரர்களுக்கோ அதுவே பிராணன். கரைக்கு வெகு சமீபத்தில் யந்திரத்தைக் கொண்டு போகாமல் எட்ட நின்று அள்ள வேண்டிய இடங்களில் நீளக் கை வைத்த வண்டி வருகிறது. சாதாரணக் கை 10 மீட்டர் தூரம் எட்டினால் இது 15 மீட்டர் எட்டும். அதற்குப் பிரதியாக, அதில் மாட்டக்கூடிய பக்கெட் பாதியளவாகச் சுருங்கிவிடும். இந்தப் பேரத்தை ஒத்துக்கொள்ளாமல் நீளக் கையில் பெரிய பக்கெட்டை மாட்டுகிறவர், வண்டியை ஏரிக்குள் கவிழ்ப்பதற்கு வேண்டிய ஆயத்தங்களைச் செய்கிறார் என்றே சொல்ல வேண்டும்.

இனி பாறை உடைக்கும் பிரேக்கர். தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடினப் பாறையின்மேல் அமர்ந்திருப்பதால், நம் ஒப்பந்தக்காரர்கள் பக்கெட்டுக்கு அடுத்தபடியாக வாங்குவதும் வாடகைக்கு எடுப்பதும் இதைத்தான். 1967-இல் ஜெர்மனியின் ஹானோவர் பொருட்காட்சியில் க்ருப் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக்கரை உலகத்துக்குக் காட்டியபோது, வெடிமருந்து வைக்க இயலாத நகரங்களிலும் பாறையை உடைக்க ஒரு மார்க்கம் பிறந்தது. எண்ணெயின் அழுத்தத்தால் ஒரு பிஸ்டன் மேலெழுந்து, தலைப்பகுதியில் அடைத்திருக்கும் நைட்ரஜன் வாயுவைச் சுருக்கி, அடுத்த கணம் அந்த வாயுவும் எண்ணெயும் சேர்ந்து தள்ள உளியின் தலையில் வந்து மோதுகிறது. நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை இது நடக்கிறது. ஆகவே பிரேக்கர் என்பது வெறும் இரும்புச் சம்மட்டி அல்ல. எண்ணெயும் வாயுவும் எஃகும் நுட்பமான ஒப்பந்தம் செய்துகொண்டு இயங்கும் சாதனம். அதைத் தேர்ந்தெடுக்கும்போது எடையை மாத்திரம் பார்ப்பது போதாது என்பதற்கு இதுவே காரணம்.

எடையும் பார்க்க வேண்டியதுதான். இருபது டன் வண்டிக்கு ஒன்றரை முதல் இரண்டு டன் வரையுள்ள பிரேக்கர் பொருந்தும். தெருவெல்லாம் ஜே.சி.பி. என்று அழைக்கப்படுகிற, ஏழரை டன் அளவிலான பாக்ஹோ லோடரின் பின்கைக்கு முந்நூறு முதல் ஐந்நூறு கிலோ வரையில் உள்ளதே தகும். சிறிய வண்டியில் பெரிய பிரேக்கரை மாட்டினால் கை தாங்காது. பெரிய வண்டியில் சிறிய பிரேக்கரை மாட்டினாலோ, வண்டி தன் பளுவால் அழுத்தும் அழுத்தத்திலேயே அது வளைந்தும் விரிந்தும் நாசமாகும். இரண்டாவது பிழை அதிகம் நடக்கிறது. ஏனெனில் அதில் முதல் செலவு குறைவு.

ஆனால் பெரும்பாலான பிரேக்கர்களின் ஆயுளை முடிப்பது எடைப் பொருத்தமின்மையன்று, எண்ணெய்ப் பொருத்தமின்மை. ஒவ்வொரு பிரேக்கருக்கும் நிமிஷத்துக்கு இத்தனை லிட்டர் எண்ணெய், இத்தனை பார் அழுத்தம் என்று தயாரித்தவர் விதித்த எல்லை உண்டு. வண்டியின் பம்ப் அதற்கு மேல் அனுப்பினால் பிஸ்டன் அளவுக்கு மீறிய வேகத்தில் அடித்து, நாளடைவில் பிரேக்கரின் பாகங்களைப் பிணைத்திருக்கும் டை ராடுகளை முறித்துவிடும். குறைவாக அனுப்பினால் அடி பலமிழந்து, பாறை உடையாமல் பொடியாகும். திரும்பிவரும் எண்ணெய் தங்குதடையின்றி டாங்கைச் சேர வேண்டும். பட்டறையில் கிடைத்த ஏதோ ஒரு மெல்லிய ஹோஸைத் திரும்பும் வழியில் போட்டுவிட்டால், அங்கே எதிரழுத்தம் தேங்கி, எண்ணெய் கொதித்து, சீல்கள் வெந்துபோகும். பிரேக்கரை ஓயாமல் உபயோகிக்கும் வண்டியில் ஹைட்ராலிக் எண்ணெயையும் ஃபில்டரையும் பக்கெட் வேலைக்கு விதித்த காலத்தில் பாதிக்கும் முன்பாகவே மாற்ற வேண்டியிருக்கும். வாடகைக் கணக்கில் இந்தச் செலவைச் சேர்க்காதவர், பிரேக்கர் வேலைக்கு மணிக்கு இத்தனை ரூபாய் அதிகம் வாங்கிவிட்டதாக மகிழ்ந்துகொண்டே, தன் பம்பை விற்றுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

உபயோகிக்கும் முறையிலும் சில தர்மங்கள் இருக்கின்றன. ஒரே புள்ளியில் அரை நிமிஷத்துக்கு மேல் உளியை வைத்து அடிக்கலாகாது. அதற்குள் பாறை பிளக்காவிட்டால் அந்த இடம் பிளக்காது என்று அறிந்து, விளிம்பை நோக்கி நகர வேண்டும். பாறைக்குள் இறங்கிய உளியை நெம்புகோலாக்கிப் பாறையைப் புரட்டலாகாது. கீழே எதிர்ப்பில்லாமல் வெற்றடி அடிக்கலாகாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கிரீஸ் வைக்க வேண்டும். அதையும் உளி மேலேறி அழுந்தியிருக்கும் நிலையில் வைத்தால்தான், கிரீஸ் புஷ்ஷுக்குப் போகுமேயன்றிப் பிஸ்டனுக்கு அடியில் புகுந்து தங்காது. உளியின் முனையும் ஒன்றல்ல. காங்கிரீட்டைத் துளைக்கக் கூர்முனை, படிவுபடிவாகப் பிளக்கும் பாறையில் பள்ளம் வெட்டத் தட்டையுளி, குவாரியில் புரண்டு கிடக்கும் பெருங்கற்களை உடைக்க மொட்டைமுனை. மொட்டைமுனை வழுக்காமல் கல்லின்மேல் அமர்ந்து, அடியின் அதிர்ச்சியைக் கல் முழுவதும் பரப்பிப் பிளக்கச் செய்கிறது. கூர்முனை ஒன்றையே வாங்கி எல்லாவற்றுக்கும் அடித்துக்கொண்டிருப்பது பொதுவழக்கம்.

பிரேக்கரே வேண்டாத இடத்தில் பிரேக்கர் ஓடுவது இதைவிடப் பெரிய வீண்செலவு. பொதுப்பணித் துறையின் மண் வகைப்பாட்டில் எஸ்.டி.ஆர். என்று குறிக்கப்படும் உக்கிச் சிதைந்த பாறை, பார்வைக்குப் பாறையாகத் தோன்றினாலும், உள்ளூர விரிசல்கள் ஓடியிருப்பது. அதற்கு வேண்டியது ரிப்பர் எனப்படும் ஒற்றைக் கொம்பு. விரிசலில் அதை நுழைத்து இழுத்தால் பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். சத்தமில்லை, அதிர்வில்லை, பக்கத்து வீட்டுச் சுவரில் வெடிப்பு கண்டதென்ற வழக்குமில்லை. அசையும் எண்ணெய்ப் பாகம் ஒன்றுகூட இல்லாத இந்தச் சாதாரண இரும்புக் கொம்பு பிரேக்கரின் விலையில் ஒரு சிறு பங்கே ஆகும். சரியான பூமியில் அதன் வேலையோ பிரேக்கரைப்போல் பன்மடங்கு. ஆயினும் மணிக்கணக்கில் வாடகை பேசியிருக்கும் வண்டிக்காரருக்குச் சீக்கிரம் முடிகிற வேலையில் என்ன ஆதாயம்? பிரேக்கருக்கு மணி வாடகையும் அதிகம். இங்கே கருவியைத் தேர்ந்தெடுப்பவரும் அதற்குக் கூலி கொடுப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பதால் பூமியின் குரலுக்குக் காதுகொடுப்பவர் ஒருவரும் இல்லாமற்போகிறார். கன மீட்டர் கணக்கில் வாடகை பேசினால், எது சரியான கருவி என்பதை வண்டிக்காரரே கண்டுபிடித்துவிடுவார்.

கட்டடங்களை இடிக்கும் வேலையில் இந்தத் தேர்வு எவ்வளவு கனமான பொறுப்பாக ஆகிறது என்பதைச் சென்னை கண்ணெதிரே கண்டிருக்கிறது. மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். அதன் பக்கத்தில் நின்ற மற்றொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். சுற்றுப்புறத்தாரை அப்புறப்படுத்த இடமிருந்ததால் அது இயன்றது. அடுத்த ஆண்டு மே மாதக் கடைசியில் தியாகராய நகர் உஸ்மான் சாலையில் தீக்கிரையான துணிக்கடைக் கட்டடத்துக்கோ, நெருங்கிய கடைகளும் வீடுகளும் நாற்புறமும் இருந்தன. ஆகையால் உயரக் கை வைத்த யந்திரங்களில் ஜா கட்டர் என்னும் இடுக்கிவாய்க் கருவியை மாட்டி, காங்கிரீட்டைக் கடித்துக் கடித்து மேலிருந்து கீழாக இறக்கினார்கள். அந்த இடத்தில் பிரேக்கரை ஏற்றியிருந்தால், தீயில் வெந்து பலமிழந்த தூண்களுக்கு ஒவ்வோர் அடியும் ஓர் அதிர்ச்சியாகி, எது எப்போது எந்தப் பக்கம் விழும் என்பதைச் சொல்ல முடியாது போயிருக்கும். கடிக்கும் கருவியோ சக்தி முழுவதையும் தன் இரு தாடைகளுக்கிடையே அடக்கிக்கொள்கிறது. எஞ்சி நிற்கும் கட்டடத்துக்கு அது தருவது மிகச் சொற்பமான அசைவே. பழைய வீடுகளை இடித்து அடுக்ககம் எழுப்பும் வேலை ஒவ்வொரு தெருவிலும் நடந்துவரும் இந்நாளில், அடுத்த வீட்டின் பொதுச்சுவரை ஒட்டியிருக்கும் பகுதிக்கேனும் இக்கருவியை வாடகைக்கு எடுக்க வேண்டும் என்று வீட்டுக்காரர்களே வற்புறுத்துவது நல்லது.

கருவிகள் பலவாகும்போது, மாற்றுவது ஒரு பிரச்சினையாகிறது. நம்மிடத்தில் பின் அடித்துக் கழற்றி மாற்றுவதே பெருவழக்கு. கெட்டிப்படுத்திய எஃகுப் பின்னைச் சம்மட்டியால் நேரே அடிக்கும்போது தெறிக்கும் சில்லு கண்ணைப் பறித்துவிடும். நடுவில் பித்தளைத் துண்டு ஒன்றை வைத்து அடித்தால் அந்த அபாயம் நீங்குகிறது. துவாரங்கள் நேராகிவிட்டனவா என்று விரலை விட்டுப் பார்த்து விரலை இழந்தவர்கள் எந்தப் பட்டறையில் விசாரித்தாலும் ஓரிருவர் கிடைப்பார்கள். ஒரு மெல்லிய கம்பியால் பார்க்கக்கூடிய காரியத்துக்கு மனித விரலைக் கொடுப்பது எவ்வளவு பெரிய கொடுமை!

இந்தச் சிரமத்தைப் போக்குவதற்காகவே குவிக் கப்ளர் என்னும் விரைவு இணைப்பான் வந்திருக்கிறது. ஆபரேட்டர் ஆசனத்தில் இருந்தபடியே பக்கெட்டைக் கழற்றிவிட்டு பிரேக்கரை எடுத்துக்கொள்ளலாம். ஒரு நாளில் மூன்று நாலு முறை கருவி மாற்றவேண்டிய நகரத்து வேலைக்கு இது பெரும் சகாயம். மாதம் ஒருமுறை மாற்றுகிறவருக்கு வீண் எடை. கப்ளர் நுழைந்ததும் பக்கெட்டின் பல் அச்சிலிருந்து அந்த அளவுக்குத் தள்ளிப்போவதால், மண்ணைப் பெயர்க்கும் பலமும் சற்றுக் குறையும். இவற்றைவிட முக்கியமானது, பூட்டு. இணைப்பு முழுதும் பூட்டிக்கொள்ளாத நிலையில் கையைத் தூக்கினால், அரை டன்னோ ஒரு டன்னோ எடையுள்ள கருவி கீழே நிற்பவர்மேல் விழும். பிரிட்டனில் இத்தகைய மரணங்கள் மீண்டும் மீண்டும் நேர்ந்தன. ஆபரேட்டர் இறங்கிச் சென்று கையால் செருகவேண்டிய பாதுகாப்புப் பின்னைச் செருகாமல் விட்டதே அவற்றுட் பலவற்றுக்குக் காரணம். மனிதனுடைய ஞாபகத்தை நம்பியிருக்கும் பூட்டு பூட்டாகாது என்ற அனுபவத்தின்மேல்தான், எண்ணெய் அழுத்தம் போனாலும் கருவி விழாதபடி தடுக்கும் ஏற்பாட்டை வலியுறுத்தும் ஐ.எஸ்.ஓ. 13031 என்ற சர்வதேச நியமம் 2016-இல் உருவாயிற்று. கப்ளர் வாங்குகிறவர் விலையைக் கேட்பதற்கு முன்னால் இந்த நியமத்துக்கு உட்பட்டதா என்று கேட்க வேண்டும். பூட்டியதும் கருவியைத் தரையில் அழுத்தி இழுத்துப் பார்த்த பிறகே ஆட்களைக் கிட்டே வரவிட வேண்டும். இதே இடத்தில் மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன். பக்கெட்டின் பல்லில் சங்கிலியைச் சுற்றிக் குழாயையும் காங்கிரீட் வளையத்தையும் தூக்கும் வழக்கம் தமிழ்நாடெங்கும் பரவியிருக்கிறது. பல் தூக்குவதற்காக வார்க்கப்பட்டதல்ல. அளவு குறித்த தூக்குவளையம் பற்றவைத்த கருவி இல்லையென்றால் அந்த வேலைக்குக் கிரேனைத்தான் அழைக்க வேண்டும்.

ஏனைய கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கம்பம் நடவும் வேலிக்கால் ஊன்றவும் குழி போடுகிற ஆகர், செம்மண்ணிலும் மணற்பாங்கிலும் மணிக்குப் பல குழிகளை முடித்துவிடும். உருண்டைக் கற்கள் புதைந்த பூமியில் ஒரு குழிக்கே திணறும். கடலோரத்தில் அரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவு கட்டப் பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பொருத்துவதற்கு விரல்கள் மடங்கும் கிராப்பிளே உகந்தது. பக்கெட்டால் கொட்டிய கற்களும் கிராப்பிளால் அடுக்கிய கற்களும் அலைக்கு ஒரே விதமாக ஈடுகொடுப்பதில்லை. ஸ்வீடனில் சாய்ந்தும் சுழன்றும் திரும்பும் மணிக்கட்டு போன்ற டில்ட்ரொடேட்டர் அநேகமாக எல்லாப் பொக்லைன்களிலும் இருக்கிறது. கூலி மிகுந்த அந்த நாட்டில் மண்வெட்டி பிடிக்கும் ஆளை அது மிச்சப்படுத்துகிறது. நமக்கு இப்போதைக்கு அந்த விலை கட்டுப்படியாகாது. மாறாக, அதிர்வுத் தட்டு கம்பாக்டர் ஒன்றை நம் நகராட்சிப் பணிகளுக்கெல்லாம் கட்டாயமாக்கலாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். குழாய்ப் பள்ளத்தை ஒரேயடியாக மூடி மேலே வண்டிச் சக்கரத்தை ஓட்டிவிட்டுப் போவதால்தான் முதல் மழையிலேயே சாலை உள்வாங்குகிறது, இரு சக்கர வாகனத்தில் போகிறவர்கள் விழுகிறார்கள். கையின் நுனியில் மாட்டிய கம்பாக்டர், ஒருவரையும் பள்ளத்துக்குள் இறக்காமலேயே அடுக்கு அடுக்காக மண்ணைக் கெட்டிப்படுத்திவிடும்.

இத்தனையையும் விலைகொடுத்து வாங்க முடியுமா என்றால், முடியாது, வேண்டியதுமில்லை. வருஷத்தில் பாதி நாட்களுக்கு மேல் கையில் இருக்கப்போகும் கருவியைச் சொந்தமாக வாங்குவதும், மற்றவற்றை வாடகைக்கு எடுப்பதும் உசிதம். சிறு ஒப்பந்தக்காரர் ஒருவருக்கு ஒடுக்கமும் அகலமுமாக இரண்டு பக்கெட்டுகளும் ஒரு ரிப்பரும் சொந்தமாக இருந்தால், ஊரைப் பொறுத்துப் பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். ஒப்பந்தப் புள்ளி கொடுப்பதற்கு முன்னால் வேலை நடக்கப்போகும் வழித்தடத்தில் நாலைந்து சோதனைக் குழிகள் போட்டுப் பார்த்துவிட்டால், எந்தக் கருவிக்கு எத்தனை நாள் வாடகை ஆகும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். அந்தக் குழிகளுக்கு ஆகும் செலவை மிச்சம் பிடித்து, நடுவழியில் பாறை தட்டிய பிறகு பிரேக்கருக்கு ஓடுகிறவர்கள், அன்றைக்கு யார் என்ன வாடகை சொல்கிறார்களோ அதைக் கொடுத்தே தீரவேண்டியிருக்கும்.

கருவி வாங்கப் போகும்போது ஆபரேட்டரையும் கூட அழைத்துச் செல்கிற முதலாளிகள் மிகச் சிலரே. பேட்டாவுக்குக் கைநீட்டுகிற ஆள் என்றே அவரைக் கருதிப் பழகிவிட்டோம். ஆனால் தன் வண்டியின் பம்ப் சூடேறிய பிறகு பிற்பகலில் எப்படித் தளர்கிறது, எந்தப் பின்னில் ஆட்டம் கண்டிருக்கிறது, இந்த வட்டாரத்தில் எந்த ஊர் எல்லைக்கு அப்பால் பாறை மேலெழுகிறது என்பதையெல்லாம் விற்பனைப் பிரதிநிதியும் முதலாளியும் அறியமாட்டார்கள், அவர் அறிவார். பிரேக்கர் வந்து இறங்குகிற அன்று, ஓட்டமானியையும் அழுத்தமானியையும் அதே வண்டியில் மாட்டி, எண்ணெய் நன்றாகச் சூடேறிய பின் வரும் அளவுகளைக் குறித்து, வண்டியின் பதிவேட்டில் ஆபரேட்டரின் கையெழுத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் கழித்து அடி பலமிழந்ததென்று புகார் எழும்போது, குறை பம்பிலா பிரேக்கரிலா என்ற தகராறு அந்த ஒரு பக்கத்தைக் கொண்டே தீர்ந்துவிடும்.